இரண்டு பக்கமும் இரண்டு கை: டென்னிஸில் அப்பாக்கள் வளர்த்த ஓர் ஆட்டம்

2013 விம்பிள்டனில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை பிரான்சின் மரியன் பார்டோலி வென்றார். பெண்கள் இரட்டையர் பட்டம் தைவானின் ஷியே சு-வெய், சீனாவின் பெங் ஷுவாய் ஜோடிக்குப் போனது. இந்த மூன்று பேரும் ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடிக்கும் கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது), பேக்ஹேண்ட் (மறுபக்கம் வரும் பந்தை அடிப்பது) இரண்டையுமே இரண்டு கையால் பிடித்து அடிப்பவர்கள். அன்றைக்கு உலகத் தரவரிசையின் முதல் நூறு பேரில் இப்படி ஆடியவர்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணி முடித்துவிடலாம். அந்தச் சின்னக் கூட்டம் உலகின் பெரிய புல்தரைப் போட்டியில் பெண்களுக்கான இரண்டு பட்டங்களையும் தூக்கிக்கொண்டு போனது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் ஓடிவந்து இதைக் கற்றுக்கொள்ளவில்லை. இந்த ஆட்டமுறை பெருகவில்லை, மெல்லக் குறைந்துகொண்டேதான் வருகிறது.

தோற்கிற முறை என்பதால் ஒழிந்தது என்று சொல்வது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. தோற்றதை விட, வளரவே விடப்படாமல் போனது என்பதுதான் உண்மைக்கு நெருக்கம். அதைச் சொல்வதற்கு முன் இதில் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் நஷ்டமும் நிஜம்தான்.

முதலில் பேக்ஹேண்ட். இன்று இரண்டு கை பேக்ஹேண்ட் என்பது சாதாரணம், ஒரு கையால் அடிப்பவரைத்தான் ஆச்சரியமாகப் பார்க்கிறோம். எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஆஸ்திரேலியாவின் விவியன் மெக்ராத் 1937-இல் இரண்டு கை பேக்ஹேண்டோடு ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றபோதும் அது ஒரு விசித்திரமாகவே பார்க்கப்பட்டது. கிறிஸ் எவர்ட் சின்ன வயதில் மட்டையைத் தூக்க பலம் போதாமல் இரண்டு கையால் பிடித்தார். டென்னிஸ் பயிற்சியாளரான அவருடைய அப்பாவே, வளர்ந்ததும் ஒரு கைக்கு மாறிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். மகள் மாறவில்லை. 1974-இல் விம்பிள்டன் ஒற்றையரில் ஆண், பெண் இரண்டு சாம்பியன்களும், அதாவது ஜிம்மி கானர்ஸும் எவர்ட்டும், இரண்டு கை பேக்ஹேண்ட்காரர்கள். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனை வென்ற பியோர்ன் போர்க்கும் அப்படியே. அதோடு அந்த விவாதம் முடிந்துபோனது. சின்னப்பிள்ளைத்தனமான பிடி என்று சொல்லப்பட்டது பாடத்திட்டமாகவே ஆகிவிட்டது.

சரி, பேக்ஹேண்டில் நடந்தது ஃபோர்ஹேண்டில் ஏன் நடக்கவில்லை?

உடம்பின் அமைப்பில் இதற்கு ஒரு நேரடியான பதில் இருக்கிறது. வலது கைக்காரர் ஒரு கையால் பேக்ஹேண்ட் அடிக்கும்போது கை உடம்பைக் குறுக்கே கடந்து போயிருக்கும், உள்ளங்கை பந்துக்குப் பின்னால் இருக்காது, பந்தை உடம்புக்கு நன்றாக முன்னால் சந்தித்தே ஆக வேண்டும், தோள் உயரத்துக்கு எழும்புகிற பந்து என்றால் இன்னும் கஷ்டம். அங்கே இடது கை வந்து சேர்ந்தால் பந்துக்குப் பின்னால் ஓர் உள்ளங்கை கிடைக்கிறது. லாபம் பெரிது. ஃபோர்ஹேண்டில் அந்த உள்ளங்கை ஏற்கெனவே பந்துக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டாவது கை கொண்டுவருவது உறுதி மட்டும்தான், அதற்கு விலையாக எட்டும் தூரத்தையும் மட்டைத் தலையின் வேகத்தையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒற்றைக் கை பின்னால் போய், மட்டை தலை தாமதித்து, பிறகு சாட்டை போல வீசி வருவதில் கிடைக்கிற வேகம், இரண்டு கையும் ஒன்றை ஒன்று பிடித்து வைத்திருக்கும்போது முழுதாகக் கிடைக்காது.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு சிக்கல், எந்தக் கை எங்கே என்பது. கிரிக்கெட் பார்க்கிற நமக்கு இது சுலபமாகப் புரியும். வலது கை டென்னிஸ் ஆட்டக்காரரின் இரண்டு கை பேக்ஹேண்டைப் பாருங்கள்: வலது தோள் வலையைப் பார்க்கிறது, வலது கை பிடியின் நுனியில், இடது கை மட்டைத் தலைக்குப் பக்கத்தில். அப்படியே இடது கை பேட்ஸ்மேன் நிற்கிற நிலை. ஃபோர்ஹேண்ட் பக்கம் திரும்பினால் அவர் வலது கை பேட்ஸ்மேன் ஆக வேண்டும், அதாவது இடது கை நுனிக்கும் வலது கை மட்டைத் தலைப் பக்கத்துக்கும் இடம் மாற வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும், அதுவும் பந்து வந்துகொண்டிருக்கும்போதே! மாற்றாமலும் ஆடலாம், ஆனால் அப்போது கைகள் குறுக்கே பின்னிக்கொண்ட நிலையில் ஃபோர்ஹேண்ட் அடிக்க வேண்டும், கிரிக்கெட்டில் யாராவது அப்படிப் பிடித்தால் மைதானமே சிரிக்கும். டென்னிஸில் அது வேலை செய்கிறது என்பதுதான் வேடிக்கை. வலது கை நுனியிலேயே இருப்பதால் பந்து தூரமாகப் போனால் இடது கையை விட்டுவிட்டு ஒற்றைக் கையால் எட்டிவிடலாம். கையை மாற்றுகிறவருக்கு வீச்சு இயல்பாக வரும், ஆனால் எட்ட வேண்டிய நேரத்தில் நுனியில் இருப்பது பலவீனமான கை. இரண்டில் எது சரி என்று ஒரே பதில் கிடையாது. கற்றுக்கொடுப்பவர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் ஒரு கை ஃபோர்ஹேண்டுக்கு உள்ளது போல ஊரெல்லாம் ஒப்புக்கொண்ட பாடம் இதற்கு இல்லை.

எட்டும் தூரம் என்று சொன்னேனே, அதை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஒற்றையர் ஆடுகளம் 27 அடி அகலம். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் பதின்மூன்றரை அடி. இரண்டாவது கையால் எட்டுவதில் ஓர் அடி குறைகிறது என்று வைத்துக்கொண்டால், அகலமாக வருகிற ஒவ்வொரு பந்துக்கும் அரை எட்டோ ஓர் எட்டோ கூடுதலாகப் போட வேண்டும், பிறகு அதே தூரத்தைத் திரும்பி வர வேண்டும். மூன்று மணி நேர ஆட்டத்தில் இது கூடிக்கொண்டே போகும். 1990-களின் பிற்பகுதியில் மட்டைகளுக்கு பாலியெஸ்டர் நரம்புகள் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது, ஏனென்றால் டாப்ஸ்பினோடு, அதாவது முன்னோக்கிச் சுழல வைத்து, பந்தைக் குறுகலான கோணத்தில் களத்துக்கு வெளியே இழுத்துப் போடுவது எல்லோருக்கும் கைவந்துவிட்டது. களத்தின் அளவு மாறவில்லை, ஓட வேண்டிய அகலம் கூடிவிட்டது. இரண்டு கைக்காரர்களில் பார்டோலி, அமெரிக்காவின் ஜான்-மைக்கேல் கேம்பில் போன்றவர்கள் வழக்கமான 27 அங்குலத்தை விட நீளமான மட்டைகளைப் பயன்படுத்தியது இதற்காகத்தான். விதிப்படி 29 அங்குலம் வரை போகலாம். இழந்த தூரத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். இரண்டு கை இருப்பதால் நீள மட்டையின் கனமும் அவ்வளவாகத் தெரியாது.

லாபப் பக்கத்துக்கு வருவோம். மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்ட பந்து ஒற்றைக் கையில் மட்டையைத் திருகிவிடும், இரண்டு கையில் அவ்வளவு திருகாது. பின்னால் இழுக்கும் தூரம் குறைவு என்பதால் வேகமான சர்வைத் திருப்புவதில் இவர்கள் கில்லாடிகள். உடம்பை நோக்கி வருகிற பந்தும் இவர்களை அவ்வளவாகத் திணறடிக்காது. எல்லாவற்றையும் விட முக்கியம், பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்று எதிராளிக்கு கடைசி நொடி வரை தெரியாது. இரண்டு கையும் மட்டையில் இருக்கும்போது மணிக்கட்டால் கடைசியில் திசையைத் திருப்ப முடிகிறது, அதுவும் இரண்டு பக்கமும். சாதாரண ஆட்டக்காரரிடம் பலவீனமான பக்கம் ஒன்று இருக்கும், எதிராளி அதைக் குறிவைப்பார். இவர்களிடம் குறிவைக்க அப்படி ஒரு பக்கமே இல்லை.

இதையெல்லாம் ஒரே உடம்பில் காட்டியவர் மோனிகா செலஸ். 1973-இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் நோவி சாட் நகரில் பிறந்தவர், இடது கைக்காரர். அப்பா கரோலி செலஸ் கார்ட்டூன் வரைபவர். மகளுக்கு விளையாட்டில் ஆசை வரவேண்டும் என்று பந்துகளில் படம் வரைந்து கொடுத்தார், கார் நிறுத்துமிடத்தில் வலை கட்டிப் பயிற்சி கொடுத்தார். சிறுமி இரண்டு கையால் பிடித்தாள், அப்பா அதை மாற்றவில்லை. 1990-இல் பதினாறரை வயதில் பிரெஞ்சு ஓபன். 1991, 1992 இரண்டு ஆண்டுகளிலும், ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் மூன்று மூன்று. களத்தின் பின்கோடான பேஸ்லைனுக்கு உள்ளேயே நின்று, பந்து எழும்பும்போதே அடித்து, இரண்டு பக்கமும் யாரும் எதிர்பார்க்காத கோணத்தில் வெளியே தள்ளுவார். எட்ட முடியாத பந்து வருவதற்குள் எதிராளியைத் தவிக்க விட்டால் எட்டும் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை என்பதுதான் அவர் கொடுத்த பதில். புல்தரையில் மட்டும் இந்தப் பதில் முழுதாகச் செல்லுபடியாகவில்லை. 1992 விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃப் 6-2, 6-1 என்று முடித்துவிட்டார். அன்றைய புல்லில் கிராஃபின் ஸ்லைஸ் (பந்தைக் கீழ்நோக்கிச் சீவி அடிப்பது) தரையோடு சறுக்கிப் போகும், இரண்டு கைக்காரர் அதற்குக் குனிந்தே ஓய்ந்துவிடுவார். (2001-இல் விம்பிள்டன் புல்லின் வகையை மாற்றிய பிறகு பந்து கூடுதலாக எழும்ப ஆரம்பித்தது. பார்டோலிக்கு அது கொஞ்சமாவது உதவியிருக்கும்.)

1993 ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்கில் ஆட்டத்தின் இடைவேளையில் செலஸ் முதுகில் கத்தியால் குத்தப்பட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் களத்துக்கு வரவில்லை. திரும்பி வந்த பிறகு 1996 ஆஸ்திரேலிய ஓபன் ஒன்றுதான், மொத்தம் ஒன்பது. அந்தக் கத்திக்குத்து பெண்கள் டென்னிஸின் வரலாற்றை மாற்றியது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஆட்டமுறையின் வரலாற்றையும் மாற்றியது என்பேன். எவர்ட், போர்க், கானர்ஸ் மூவரும் பல வருடம் உச்சியில் இருந்ததால்தான் இரண்டு கை பேக்ஹேண்ட் பரவியது. செலஸ் உச்சியில் இருந்தது மூன்று வருடம் கூட முழுதாக இல்லை. அந்தக் குறுகிய காலத்திலும் அவரைப் பார்த்து ஒரு கிளை முளைத்தது: பிரான்சில் வால்டர் பார்டோலி என்ற டாக்டர் 1992 பிரெஞ்சு ஓபன் இறுதியில் செலஸ் கிராஃபை 6-2, 3-6, 10-8 என்று வென்றதைப் பார்த்துவிட்டு, தன் மகளின் ஃபோர்ஹேண்டையும் இரண்டு கையாக்கினார். அந்த மகள்தான் 2013 சாம்பியன். ஓபன் காலத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் பெரிய போட்டிகளில் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு, இரண்டு பக்கமும் இரண்டு கையால் ஆடி ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வென்றவர்கள் செலஸும் பார்டோலியும் மட்டும்தான். ஆண்களில் ஒருவர்கூட இல்லை.

ஆண்களில் இரண்டு கை ஃபோர்ஹேண்டின் பழைய நட்சத்திரம் ஈக்வடாரின் பாஞ்சோ செகுரா. 1921-இல் பிறந்தவர், சின்ன வயதில் ரிக்கெட்ஸ் நோய், கால்கள் வளைந்திருக்கும், அப்பா ஒரு டென்னிஸ் கிளப்பில் காவலாளி வேலை பார்த்தார். பலம் போதாமல் இரண்டு கையால் பிடித்த ஃபோர்ஹேண்ட், பின்னாளில் அன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லோரும் பயந்த அடியாக ஆனது, 1950 முதல் 1952 வரை தொடர்ந்து மூன்று முறை அமெரிக்கத் தொழில்முறைப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. பேக்ஹேண்ட் அவருக்கு ஒற்றைக் கைதான், ஆகவே கறாராகப் பார்த்தால் அவர் இந்தக் கட்டுரைக்குள் பாதிதான் வருவார். முழுதாக வருபவர்கள்: அமெரிக்காவின் ஜீன் மேயர், 1980-இல் உலகின் 4-ஆம் இடம். தென்னாப்பிரிக்காவின் ஃப்ரூ மெக்மில்லன், விம்பிள்டன் ஆண்கள் இரட்டையரை 1967, 1972, 1978 என்று மூன்று முறை வென்றவர். ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக், 1994 பிரெஞ்சு ஓபன் இரட்டையர் சாம்பியன். இவரைச் சென்னையின் பழைய டென்னிஸ் ரசிகர்களுக்கு நினைவிருக்கலாம், 1999-இல் நுங்கம்பாக்கத்தில் ஒற்றையர் பட்டம் வென்றவர் இவர்தான். அப்புறம் பிரான்சின் ஃபப்ரிஸ் சாந்தோரோ.

சாந்தோரோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரண்டு கையால் ஃபோர்ஹேண்ட் ஸ்லைஸ் அடிக்கிற ஒருவரை வேறு எங்கே பார்ப்பீர்கள்? பந்து வேகமில்லாமல், எழும்பாமல், எங்கெங்கோ சுழன்று வந்து விழும். பலசாலிகளுக்கு இவரைக் கண்டாலே எரிச்சல். உலகின் முதலிடத்தில் இருந்த மராட் சாஃபின் இவரோடு ஆடிய ஒன்பது ஆட்டங்களில் ஏழில் தோற்றார். 2004 பிரெஞ்சு ஓபனில் அர்னோ கிளெமானோடு இரண்டு நாளாக 6 மணி 33 நிமிடம் ஆடி, ஐந்தாவது செட்டை 16-14 என்று முடித்தார். எட்டும் தூரம் குறைந்தவர், அதிகம் ஓட வேண்டியவர், சீக்கிரம் களைத்துவிடுவார் என்று சொல்லப்படுகிற பிடியோடுதான் இது. அவர் விடைபெற்றது 2010-இல், முப்பத்தேழு வயதில்.

மேலே சொன்ன பெயர்களைத் திரும்பப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மெக்மில்லன், பிளாக், சாந்தோரோ, பெங், ஷியே எல்லோரும் இரட்டையரில் பெரிய பட்டம் வென்றவர்கள். இது தற்செயல் இல்லை. இரட்டையர் களம் 36 அடி அகலம் என்றாலும் ஆளுக்குப் பாதிதான், ஆகவே எட்டும் தூரத்தின் நஷ்டம் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. மிச்சம் இருப்பதெல்லாம் லாபம்: சர்வைத் தாழ்வாகத் திருப்புவது, வலையருகே நிற்பவரை ஏமாற்றித் திசை மாற்றுவது, திடீரென்று எதிராளியின் தலைக்கு மேல் லாப் தூக்குவது. ஷியேயின் ஆட்டத்தைப் பார்த்தால் இது உடனே தெரியும். 2018 விம்பிள்டனில் முதலிடத்தில் இருந்த சிமோனா ஹாலெப்பை வீழ்த்தியதும், முப்பத்தைந்து வயதில் ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதிக்குப் போனதும் ஒற்றையரில்தான், ஆனால் அவருடைய வீடு இரட்டையர். 2013-இல் தொடங்கி நான்கு விம்பிள்டன் இரட்டையர் பட்டங்கள், நான்கும் நான்கு வேறு வேறு ஆண்டுகளில், மூன்று வேறு வேறு ஜோடிகளோடு.

இனி, ஏன் இவர்கள் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு வரலாம். இவர்களில் பெரும்பாலோருக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று பாருங்கள். செலஸுக்கு கார்ட்டூன் வரையும் அப்பா. பார்டோலிக்கு டாக்டர் அப்பா. கேம்பிலுக்குப் பயிற்சி கொடுத்தது அப்பா. மேயர் சகோதரர்களுக்கும் அப்பாதான் கோச், அதிலும் அண்ணன் சாண்டி ஒரு விதம், தம்பி ஜீன் இன்னொரு விதம். பைரன் பிளாக்கின் அப்பா டான் பிளாக் விம்பிள்டனில் ஆடியவர், ஹராரேக்கு வெளியே தன் பண்ணையிலேயே புல்தரைக் களம் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். சிலர் டென்னிஸ் தெரிந்த அப்பாக்கள், சிலர் தெரியாதவர்கள், அது முக்கியமில்லை. எல்லோரும் தன் பிள்ளையை மட்டும் பார்த்தவர்கள். அகாடமியில் ஒரே களத்தில் பன்னிரண்டு குழந்தைகளை நிறுத்திக் கற்றுக்கொடுக்கிற கோச்சுக்கு ஒரு குழந்தைக்காக மட்டும் தனிப் பாடம் எழுத நேரம் கிடையாது. ஒன்பது, பத்து வயதில் இரண்டு கை ஃபோர்ஹேண்ட் அடிக்கிற பிள்ளையிடம் அவர் செய்யக்கூடிய பாதுகாப்பான காரியம், இடது கையை எடு என்று சொல்வது. மாற்றியதால் ஒரு நல்ல ஆட்டக்காரர் கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. மாற்றாமல் விட்டுத் தோற்றால் கோச்சைத்தான் கேட்பார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் விளைவு அதுதான்.

இதற்கு விலையும் இருந்தது. பார்டோலி தன் அப்பாவை கோச்சாக வைத்துக்கொள்வதில் பிடிவாதமாக இருந்து, பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்போடு முரண்பட்டு, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆட முடியாமல் போனார். கடைசியில் விம்பிள்டனை வென்ற ஆண்டில் அப்பாவிடமிருந்து பிரிந்து வேறு ஆட்களோடு பயிற்சி செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கையை உருவாக்கியது அப்பா, கடைசி எட்டு எடுத்தது அவர் இல்லாமல். வென்று ஆறு வாரத்துக்குள் ஓய்வையும் அறிவித்துவிட்டார்.

ஆனால் அப்பாக்களை விடப் பெரிய காரணம் ஒன்று சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. செகுரா, எவர்ட், செலஸ் எல்லோரும் இரண்டு கையால் பிடித்ததற்கு முதல் காரணம் மட்டை கனம், உடம்பு சின்னது. பெரியவர்களின் மட்டை, பெரியவர்களின் பந்து, பெரியவர்களின் களம். இன்று குழந்தைகளுக்கு 19 அங்குலத்தில் தொடங்கி வயதுக்கு ஏற்ற இலகுவான மட்டைகள் இருக்கின்றன, சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வேகம் குறைந்த பந்துகள் இருக்கின்றன. சிவப்புப் பந்து வழக்கமான பந்தை விட 75 சதவீதம் மெதுவானது. 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தே கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு விதி கொண்டுவந்துவிட்டது. குழந்தைகளுக்கு இது ரொம்ப நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. கூடவே, வலது கை மட்டும் போதாமல் இடது கையையும் கொண்டுவந்து பிடிக்க வேண்டிய அந்தத் தேவையும் ஃபோர்ஹேண்டில் போய்விட்டது. பேக்ஹேண்டில் இரண்டு கை பாடமாகவே இருப்பதால் அங்கே தொடர்கிறது. ஃபோர்ஹேண்டில் யாரும் சொல்லித்தராமல், தேவையால் தானாக முளைத்துக்கொண்டிருந்தது. முளைக்கிற இடமே இப்போது இல்லை.

தொழில்முறை ஒற்றையரில் இன்னொரு செலஸ் வருவது கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன், நரம்பும் டாப்ஸ்பினும் எட்டும் தூரத்தை அவ்வளவு விலை உயர்த்திவிட்டன. கிளப்பில் வார இறுதிகளில் இரட்டையர் ஆடுகிறவர்களின் கதை வேறு. தோள் பலம் குறைந்தவர், வேகமான சர்வுக்குத் தடுமாறுகிறவர், ஃபோர்ஹேண்ட் எப்போதும் எங்கோ பறந்துவிடுகிறவர் தாராளமாக முயன்று பார்க்கலாம். முதலில் கைகளை இடம் மாற்றாமலே அடித்துப் பாருங்கள், வசதியாக இல்லையென்றால் மாற்றிப் பாருங்கள், ஏதாவது ஒன்றில் நிலைத்துவிடுங்கள். பந்துக்கு இன்னும் நெருக்கமாகப் போய் நிற்கப் பழக வேண்டும், அதாவது கையை விட காலுக்குத்தான் வேலை. எட்டாத பந்துக்கு ஒரு கையை விட்டு ஸ்லைஸ் போடுவதைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள், ஏனென்றால் ஆட்டத்தில் அது அடிக்கடி தேவைப்படும். வலையருகே போனால் கூச்சப்படாமல் ஒற்றைக் கைக்கு மாறிவிடலாம், இந்த முறையில் ஆடியவர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான் செய்தார்கள்.